கட்டாயம் நீங்கிய பிறகு: மொன்றியலில் நலக்காசும் தெருமுனைச் சேவைகளும்

அரசு ஓர் ஏழைக் குடும்பத்துக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கிறது. கொடுத்த பிறகு அந்தக் காசு யாருடையது? வாங்கியவர் தம் விருப்பப்படி செலவு செய்யலாமா, அல்லது இதற்கு மட்டும்தான் செலவழிக்கலாம் என்று கொடுத்தவர் கூடவே வரலாமா? இந்தக் கேள்விக்கு அண்மைக் காலத்தில் மிகக் கடுமையான பதிலைச் சொன்ன நாடு ஆஸ்திரேலியா. 2016-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கிம்பர்லியிலும் தொடங்கிய திட்டத்தில் உதவித்தொகையின் 80 விழுக்காடு ஒரு வங்கி அட்டைக்குள் பூட்டப்பட்டது. அந்த அட்டையைக் கொடுத்து மது வாங்க முடியாது, சூதாட முடியாது, காசாக எடுக்கவும் முடியாது. மீதி 20 விழுக்காடு மட்டும் கைக்கு வந்தது. அந்த முதல் இரண்டு இடங்களிலும் இதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் பழங்குடி மக்கள். திட்டத்தால் சமூகத் தீங்கு குறைந்ததா என்று முடிவு சொல்லும் அளவுக்குக்கூட அதன் கண்காணிப்பும் மதிப்பீடும் இல்லை என்று 2018-இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் எழுதியது. 2022-இல் நாடாளுமன்றம் அட்டையை ரத்துச் செய்தது. 2023 மார்ச்சில் அது முடிவுக்கு வந்தது. ஆனால் வடக்கு ஆட்சிப்பகுதியில் 2007-இலிருந்து நடக்கும் கட்டாய வருமானக் கட்டுப்பாடு வேறோர் அட்டையின் பெயரில் நீடிக்கிறது.

அட்டை போன ஊர்களில் உடனே எழுந்த கேள்வி, இனி என்ன என்பதுதான். குடியை விட நினைப்பவர் சிகிச்சைக்கு எங்கே போவார்? கடனில் மூழ்கியவருக்குக் கணக்குப் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? பூட்டை எடுத்துவிட்டால் போதுமா, அந்த ஊரிலேயே நாலு கதவுகளைத் திறந்து வைக்கவும் வேண்டாமா?

மொன்றியலில் அப்படி ஓர் அட்டை இருந்ததில்லை. ஆனால் உதவி வாங்குவோரைக் கட்டிப்போட்ட விதிகள் இந்த நகரத்துக்குப் பல உருவங்களில் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொன்றும் போன பிறகு அந்த இடத்துக்கு என்ன வந்தது, என்ன வராமலே போனது என்று பார்த்தால், செடூனாவின் கேள்விக்கு இங்கே தொண்ணூறு வருடத்துப் பதில் கிடைக்கிறது. கட்டாயத்தால் நடக்கும் என்று சொல்லப்பட்ட வேலையை உண்மையில் செய்துகாட்டியவை, மக்கள் தாமாக வந்து நுழையும் உள்ளூர் நிலையங்கள். ஆனால் அந்த நிலையங்களை நடத்தும் செலவை எந்த அரசும் நிலையாக ஏற்றதில்லை. நான் படித்தும் பார்த்தும் வந்த முடிவு இது.

முதல் மாற்றம் 1930-களில் வந்தது. பெருமந்தத்தின் உச்சத்தில் மொன்றியல் தொழிலாளரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலையில்லை. நிவாரணம் மதவாரியாகத் தரும சங்கங்கள் வழியே போனது. கத்தோலிக்கருக்கு சென்-வென்சான்-த-போல் சங்கம், மற்றவர்களுக்கு அவரவர் அமைப்பு. கைக்கு வந்தது கூப்பன். யாழ்ப்பாணத்துக் கூப்பன் கடையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: இன்ன சாமான், இவ்வளவு, அதற்கு மேல் பேச்சில்லை. கூப்பனை நீட்டியதும் கடைக்காரருக்கும் பின்னால் நிற்பவருக்கும் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். பிள்ளைக்குச் சப்பாத்து வேண்டியிருக்கிற கிழமையில் சாப்பாட்டுக் கூப்பன் உதவாது. 1933-இல் நகரமே பொறுப்பை எடுத்து, காசோலையாகக் கொடுக்கும் முறைக்கு மாறியது. காசை எங்கே, எதற்குச் செலவழிப்பது என்ற முடிவு சமையலறைக்குத் திரும்பியது.

1945-இல் இன்னொரு திருப்பம். கனடாவின் குடும்பப்படி அந்த ஆண்டுதான் தொடங்கியது. மற்ற மாகாணங்களில் தாயின் பெயருக்குக் காசோலை போக, கியூபெக்கில் மட்டும் தந்தையின் பெயருக்கு அனுப்பத் திட்டமிட்டார்கள். இங்குள்ள குடிமைச் சட்டப்படி வீட்டுத் தலைவர் கணவர் என்பது காரணம். மொன்றியலைச் சேர்ந்த தெரேஸ் கஸ்கிரேன் அதை எதிர்த்து நின்றார். 1940-இல் கியூபெக் பெண்கள் வாக்குரிமை பெற உழைத்தவர்களில் முன்வரிசையில் இருந்தவர் அவர். கடைசியில் காசோலை தாய்மார் பெயருக்கே வந்தது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையாக விழத் தொடங்கியபோது, எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஏழைப் பெண்ணின் கணக்கறிவை நம்பலாம் என்ற அதே எண்ணம் எண்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு இடங்களில் நடைமுறையாகியிருக்கிறது.

கியூபெக்கின் சமூக உதவிச் சட்டம் 1969-இல் நிறைவேறியது. அதன் அடித்தளக் கொள்கை உயர்வானது: ஒருவருக்குத் தேவை இருக்கிறது என்பதே போதும், அது ஏன் வந்தது என்று துருவக்கூடாது. ஆனால் விதிமுறையில் ஓர் ஓட்டை வைத்தார்கள். 30 வயதுக்குக் குறைந்த தனியாட்களுக்குத் தொகை மிகவும் குறைவு. 1987-இல் 30-ஐத் தாண்டியவருக்கு மாதம் 466 டாலர், தாண்டாதவருக்கு 170. அதில் மொன்றியலில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்துச் சாப்பிடவும் முடியாது. 1984-இல் மூன்று திட்டங்களைக் கொண்டுவந்து, வேலைப் பயிற்சிக்கோ சமூக வேலைக்கோ விட்ட படிப்பைத் தொடரவோ போனால் தொகையை உயர்த்தலாம் என்றார்கள். ஆஸ்திரேலியா காசைப் பூட்டியது. கியூபெக் காசை மூன்றில் ஒரு பங்காக வெட்டி, மீதிக்கு நிபந்தனை போட்டது. அந்த நிபந்தனையை நிறைவேற்றவும் எல்லோருக்கும் வழியில்லை. திட்டங்களில் இடம் போதவில்லை. காத்திருப்புப் பட்டியல்கள் நீண்டன. 30-க்குக் கீழ்ப்பட்ட உதவி பெறுவோரில் திட்டங்களில் சேர்ந்திருந்தவர்கள் சுமார் 11 விழுக்காடுதான் என்பது பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த விவரம். கட்டாயப்படுத்தியவர்கள், கட்டாயப்படுத்திய இடத்துக்குப் போக வழி வைக்கவில்லை.

1986 கோடையில் அரசு வீட்டுச் சோதனைக்காரர்களை அமர்த்தியது. உதவி பெறுவோரின் கதவைத் தட்டி, கட்டில் எத்தனை, குளியலறையில் பல்தூரிகை எத்தனை என்று பார்த்து, ஒளித்து வைத்த துணைவர் யாரும் உண்டா என்று தேடுவது அவர்கள் வேலை. முதலமைச்சர் ரொபேர் பூராசாவின் செல்லப்பெயரையும் ஹெய்ட்டியின் சர்வாதிகாரி துவாலியேயின் குண்டர் படையின் பெயரையும் ஒட்டி மக்கள் அவர்களை 'பூபூ மக்கூட்' என்று அழைத்தார்கள். ஹெய்ட்டியிலிருந்து தப்பி வந்த பல்லாயிரம் பேர் வாழும் நகரத்தில் அந்தப் பெயருக்கு இருந்த கனம் பெரிது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர் மீட்கப்பட்டு, மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களும் அவர்களைப் போல் வந்தவர்களும் இந்த மண்ணில் முதன்முதல் பழகிய அரசுச் சொற்களில் ஒன்று 'வெல்பெயர்'. கதவைத் தட்டும் அதிகாரியைக் கண்டு நடுங்கும் பழக்கத்தை ஊரிலிருந்தே கொண்டு வந்தவர்களுக்கு, இங்கும் அது தொடர்ந்தது.

1989 ஆகஸ்ட் 1-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து வயது வேறுபாட்டை நீக்கியது. கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால் அதே சட்டம் வேலை செய்யத் தக்கவர், தகாதவர் என்று மக்களை இரண்டாகப் பிரித்தது. ஒரே வீட்டை இருவர் பகிர்ந்தால் தொகையைக் குறைத்தது. ஒரு கட்டாயம் போன நாளிலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்தது. பழைய விதியை எதிர்த்து மொன்றியல் பெண் ஒருவர் தொடுத்த கூட்டு வழக்கு, கோஸ்லன் வழக்கு என்ற பெயரில், உச்ச நீதிமன்றம் வரை போனது. 2002 டிசம்பர் 19-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது தோற்றது. இளைஞரைத் தன் காலில் நிற்கவைக்கும் நோக்கம் கொண்ட விதி, பாகுபாடு ஆகாது என்றது பெரும்பான்மை. தீர்ப்புக்கு ஆறு நாள் முன்புதான், டிசம்பர் 13-இல், வறுமையையும் சமூக ஒதுக்கலையும் எதிர்க்கும் சட்டத்தைக் கியூபெக் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியிருந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவின் பலன் அது. நீதிமன்றத்தில் கிடைக்காதது தெருவில் பாதி கிடைத்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இந்த வரலாற்றோடு சேர்த்து நகரத்தின் இன்னொரு வரலாற்றையும் வாசிக்க வேண்டும். 1968-இல், லஷீன் கால்வாய் ஓரத்துத் தொழிலாளர் குடியிருப்பான பொயின்ட் சென்ட் சார்ல்ஸில், மருத்துவ மாணவர்களும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து ஒரு சமூக மருத்துவ நிலையம் தொடங்கினார்கள். 1970-களில் கியூபெக் எங்கும் எழுந்த உள்ளூர்ச் சமூக சேவை நிலையங்களுக்கு, இங்குள்ளவர் 'சே.எல்.எஸ்.சே.' என்று சொல்லும் இடங்களுக்கு, முன்மாதிரியானவற்றில் அதுவும் ஒன்று. மருத்துவர், தாதி, சமூகப் பணியாளர் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். நடந்து போகும் தூரத்தில் இருப்பார்கள். கால்வாயில் கப்பல் போக்குவரத்து நின்று ஆலைகள் மூடிய பிறகு, அதே பகுதியில் 1984-இல் உள்ளூர்ப் பொருளாதாரத் திட்டம் ஒன்று பிறந்து, பின்பு தென்மேற்கு மொன்றியல் முழுவதற்குமான 'ரெசோ' அமைப்பாக வளர்ந்தது. தொழிற்சங்கம், முதலாளிகள், சமூக அமைப்புகள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மூடப்போகும் ஆலையின் தொழிலாளருக்கு அடுத்த வேலைக்கான பயிற்சியைத் திட்டமிட்டார்கள். 170 டாலரைக் காட்டி மிரட்டிச் செய்ய முயன்றதை, இவர்கள் அழைத்துச் செய்தார்கள்.

சேவை கட்டாயத்தை விட வலியது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று குழந்தைக் காப்பகம். 1997-இல் கியூபெக் நாளொன்றுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகங்களைத் தொடங்கியது. பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கும் குழுக்கள் அவற்றை நடத்துகின்றன. 1996-இல் உதவித்தொகையில் வாழ்ந்த ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள் 99,000; 2008-இல் அது 45,000. நாட்டுப் பொருளாதாரம் வளர்ந்ததும் ஒரு காரணம்தான், வேறு கொள்கைகளும் இருந்தன. ஆனாலும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு வேலைக்குப் போகத் தடையாக இருந்தது சோம்பல் அல்ல, பிள்ளையை விட இடம் இல்லாததுதான் என்பது இதில் தெரிந்தது. எழுபதுகளில் மனிற்றோபாவின் டோபின் ஊரில் நிபந்தனையற்ற அடிப்படை வருமானம் கொடுத்துப் பார்த்தபோதும், வேலையைக் குறைத்தவர்கள் முக்கியமாகப் புதுத் தாய்மாரும் பள்ளியை முடிக்க விரும்பிய இளைஞரும்தான் என்று பொருளியலாளர் எவலின் ஃபொர்ஜே கண்டார். மருத்துவமனைச் சேர்க்கையும் 8.5 விழுக்காடு குறைந்திருந்தது.

சரி, உண்மையிலேயே காசு கையில் நிற்காதவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். போதையிலும் சூதிலும் மாதக் காசு மூன்று நாளில் கரைந்து, மிச்ச நாள் பட்டினி கிடப்பவர்களை இந்த நகரத்தில் எவரும் பார்க்கலாம். கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்களின் கவலையைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர்களுக்கு என் பதில், பழைய மொன்றியலில் இருக்கும் அக்கேய் பொன்னோ போன்ற வீடற்றோர் நிலையங்கள் செய்யும் ஒரு வேலை. விரும்பி வருபவர் ஒப்பந்தம் போட்டுத் தம் காசோலையை அங்கே ஒப்படைக்கிறார். முதலில் வாடகை போகும். மீதியைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்வார். வேண்டாம் என்றால் விலகலாம். கருவி கிட்டத்தட்ட ஆஸ்திரேலிய அட்டையினுடையதுதான். ஆனால் இங்கே கையெழுத்து அவருடையது, மேசைக்கு அந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒரு முகம், பக்கத்து அறையில் சாப்பாடும் தாதியும் இருக்கிறார்கள். கணக்குத் தடுமாறும் குடும்பங்களுக்கு 'அசெஃப்' என்ற கூட்டுறவுக் குடும்பப் பொருளாதாரச் சங்கங்கள் நகரத்தின் பல பகுதிகளில் இருக்கின்றன. அறுபதுகளில் தொழிற்சங்கங்களின் குடும்ப வரவுசெலவு ஆலோசனையில் முளைத்தவை அவை. கடன் கொடுத்தவனோடு பேசுவதும் மின்கட்டணத்துக்குத் தவணை கேட்பதும் அங்கே தினசரி வேலை. நம்மவர்களும் காலகாலமாக விருப்பத்தோடு தம்மைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். சீட்டுப் பிடிப்பது என்பது வேறென்ன? மாதம் தவறாமல் கட்டவைக்கிற நெருக்குதல் அதில் உண்டு. ஆனால் யாரும் யாரையும் சீட்டில் சேர்த்துவிடுவதில்லை.

குடியையும் சூதையும் பற்றி அரசு கவலைப்படும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கியூபெக்கில் மதுக்கடை எஸ்.ஏ.க்யூ. அரசினுடையது. சூதாட்டமும் லோட்டோ-கியூபெக் என்ற அரசு நிறுவனத்தினுடையது. மொன்றியலில் மதுக்கூடங்களில் இருக்கும் காணொளிச் சூதாட்டப் பெட்டிகள் வசதி குறைந்த பேட்டைகளிலேயே அடர்ந்திருக்கின்றன என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசின் மதுக்கடையான டாஸ்மாக்கைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. ஏழையின் காசுப் பைக்குப் பூட்டுத் தேடுவதற்கு முன், அவர் தெருவில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவரிடம் பேசுவதுதான் முறை.

இதே நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டைக்கு வருவோம். ஜான்-தலோன் சாலையில் துர்க்கை அம்மன் கோவிலையும் தமிழ்க் கடைகளையும் கடந்து போனால் கிரேக்கரும் பஞ்சாபியரும் வங்காளிகளும் தமிழரும் அடுக்கடுக்காக வாழும் மூன்று மாடிக் கட்டடங்கள். ஹச்சிசன் தெருவில் சே.எல்.எஸ்.சே. இருக்கிறது. குடியிருப்போர் உரிமைக்காக 1986-இல் தொடங்கிய செயற்குழுவும் இருக்கிறது. இன்னொரு பேட்டையான கோட்-தெ-நேஷில் 1977 முதல் 'ப்ரொஜெக்ட் ஜெனசிஸ்' என்ற சமூக அமைப்பு இயங்குகிறது. இப்படிப்பட்ட இடத்தில் என்ன நடக்கிறது என்று கிட்டே நின்று பார்த்தால்தான் இந்தக் கட்டுரையின் பொருள் விளங்கும். ஓர் அம்மா கைப்பையிலிருந்து கடித உறையை எடுத்து நீட்டுவார். பெரும்பாலும் உறை பிரிக்கப்பட்டிருக்காது, பயம். உள்ளே இருப்பது தீர்மான அறிவிப்பு, பிரெஞ்சில். உதவியாளர் முதலில் பார்ப்பது தொகையை அல்ல, தேதியை. மறுபரிசீலனை கேட்க 90 நாள் இருக்கிறது. நாளை எண்ணி, 'இன்னும் நேரம் இருக்கு அம்மா' என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மா கதிரையில் சரியாக உட்காருவார். பிறகு விஷயம் வெளிவரும்: பிள்ளைகள் பொறுப்பெடுத்து அழைத்த தாய் அவர். கியூபெக்கில் பெற்றோரை அழைப்பவர் பத்தாண்டுப் பொறுப்பை ஏற்கிறார். அதற்குள் தாய் உதவித்தொகை வாங்கினால் அரசு அதைப் பிள்ளையிடம் கடனாகக் கேட்கும். மருமகளோடு ஒத்துவரவில்லை, தனியே போக வேண்டும், போனால் மகனுக்குக் கடன். இந்த முடிச்சை எந்த அட்டையும் அவிழ்க்காது. மொழி தெரிந்த, விதி தெரிந்த, ஊர்ப்பேச்சு வெளியே போகாது என்று நம்பக்கூடிய ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதரின் தேவை இப்போது கூடியிருக்கிறது. கியூபெக்கின் மொழிச் சட்டமான 96-ஆம் சட்டத்தின்படி 2023 ஜூன் முதல், புதிதாக வந்தவர்களோடு ஆறு மாதத்துக்குப் பிறகு மாகாண அரசு, சில விலக்குகள் தவிர, பிரெஞ்சில் மட்டுமே தொடர்புகொள்ள வேண்டும். பிரெஞ்சைக் காக்கும் நியாயம் தமிழருக்குப் புரியாததல்ல. சொந்த மொழிக்காக விலை கொடுத்தவர்கள் நாம். ஆனால் 90 நாள் கெடு ஓடும் ஒரு கடிதம் விளங்காமல் மேசையில் கிடப்பதால் பிரெஞ்சுக்கு எந்த வாழ்வும் வரப்போவதில்லை.

இலங்கையின் அனுபவத்தை இங்கே ஒரு வரியாவது சொல்ல வேண்டும். 1995-இல் தொடங்கிய சமுர்த்தி என்ற உதவித் திட்டத்தில் குடும்பத்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைக் கட்டாயச் சேமிப்பாகப் பிடித்தார்கள். 2023-இல் அஸ்வெசும என்ற புதிய திட்டம் வந்தபோது தொகை நேராக வங்கிக் கணக்குக்குப் போனது. பிடித்தம் குறைந்தது நல்லது. ஆனால் பட்டியலில் பெயர் விடுபட்டவர் முறையிட ஊரில் யாரிடம் போவது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. காசைத் திறந்து விடுவதும் ஆளைப் பக்கத்தில் வைப்பதும் சேர்ந்து நடந்தாக வேண்டிய இரண்டு வேலைகள்.

மொன்றியலில் கட்டாயம் கடைசியாகத் திரும்பி வந்தது 2018 ஏப்ரலில். முதன்முறை உதவி கேட்பவர்கள் 'ஒப்ஜெக்டிஃப் ஆம்ப்ளுவா' என்ற வேலைத் திட்டத்தில் கட்டாயம் சேர வேண்டும் என்றார்கள்; தவறினால் மாதம் 56 டாலர், பிறகு 112, பிறகு 224 வெட்டு. வாழ்வதற்கான அடிப்படைத் தேவைகளின் செலவில் ஏறத்தாழப் பாதியைத்தான் எட்டும் ஒரு தொகையிலிருந்து இந்த வெட்டு. 2024 இறுதியில் நிறைவேறிய 71-ஆம் மசோதா அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஆளுக்கேற்ற துணைத் திட்டம் என்ற பாதைக்குத் திரும்புகிறது. திரும்பியது சரி. துணை நிற்கப்போவது யார்?

ஏனென்றால் கதவுகள் பல இந்தக் காலத்தில் ஒடுங்கிவிட்டன. சே.எல்.எஸ்.சே.க்கள் 2004-இலும் 2015-இலும் பெரும் நிர்வாகங்களுக்குள் கரைக்கப்பட்டன; 2024 டிசம்பர் முதல் எல்லாம் சான்டே-கியூபெக் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ். பேட்டை மக்களின் வாக்கில் அமையும் நிர்வாகக் குழு இன்று பொயின்ட் சென்ட் சார்ல்ஸில்தான் மிஞ்சியிருக்கிறது. கரைய மறுத்துப் போராடி மிஞ்சியது. ரெசோவைப் போன்ற உள்ளூர்ப் பொருளாதார அமைப்புகள் 2015-இல் தொழில்முனைவோர் சேவைக்கான ஆதரவை இழந்தன. எந்த இளைஞரும் உள்ளே நுழையலாம் என்றிருந்த வேலைவாய்ப்பு நிலையங்களை அதே ஆண்டு, உதவித்தொகை வாங்குவோரை எண்ணிக் கணக்குக் காட்டும் இடங்களாக மாற்றினார்கள். எண்ணிக் காட்ட வேண்டிய இடத்துக்கு இளைஞன் தானாக வரமாட்டான்.

அதனால் 71-ஆம் சட்டத்தின் விதிமுறைகள் எழுதப்படும்போது கேட்க வேண்டியவை எனக்குத் தெளிவாகவே இருக்கின்றன. துணைத் திட்டத்தை மறுப்பவரின் அடிப்படைத் தொகையில் ஒரு சதமும் கைவைக்கக்கூடாது. பேட்டை அமைப்புகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு விண்ணப்பிக்கும் திட்டக் காசுக்குப் பதில், 2001-ஆம் ஆண்டு சமூகச் செயற்பாட்டுக் கொள்கையில் அரசே ஒத்துக்கொண்டபடி, அவற்றின் முழுப் பணிக்கும் பல ஆண்டு நிதி வேண்டும். பார்க் எக்ஸ்டென்ஷன், கோட்-தெ-நேஷ் போன்ற இடங்களில் தமிழும் வங்காளமும் பஞ்சாபியும் பேசும் உரிமை உதவியாளர்களின் சம்பளம் அந்த நிதிக்குள் வரவேண்டும். உதவித்தொகை வாங்குவோரின் சங்கங்கள் 1974 முதல் கூட்டணியாக இயங்குகின்றன. விதி எழுதும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி வேண்டும். ஹச்சிசன் தெருவுக்குப் போகும் ஓர் அம்மாவுக்கு, மையத் தொலைபேசி எண்ணுக்குப் பதில், பெயர் சொல்லி விசாரிக்கக்கூடிய ஒரு சமூகப் பணியாளர் திரும்பக் கிடைக்க வேண்டும்.